இலக்கணம் இருக்கிறது; எழுத்து எங்கே?

“அண்ணாச்சி, இலக்கணத்துக்குப் பாடப்புத்தகமே போதும். கட்டுரை எழுதச் சொல்லிக் கொடுக்க எந்தப் புத்தகத்தை வாங்கட்டும்?”

அகத்தீசுவரம் வட்டத்தில், கடலோரச் சிற்றூர் ஒன்றில், வீட்டுத் திண்ணையையே பள்ளியாக்கி, மாலைதோறும் பதினான்கு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் தங்கை ஒருத்தி நம்மிடம் கேட்ட கேள்வி இது. கேள்வி சிறிது, விடை சிறிதன்று. கடைக்குச் சென்று ஒரு நூலை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டால் தீர்ந்துவிடும் செய்தியாக அது நமக்குத் தோன்றவில்லை. ஆகவே, பிள்ளைகளின் ஏடுகளை முதலில் காட்டச் சொன்னோம்.

பதினான்கு ஏடுகள். தலைப்பு ஒன்றே: ‘கடற்கரையில் ஒரு மாலைப்பொழுது’. முன்னுரையும் ஒன்றே! பதினான்கிலும் நீலக்கடல் கண்ணுக்கு விருந்தளித்தது; பதினான்கிலும் அலைகள் தாலாட்டுப் பாடின; பதினான்கிலும் கதிரவன் பொன்தட்டாக மறைந்தான். ஒற்றுப்பிழை குறைவு, சந்தி ஏறத்தாழச் சரி. மதிப்பெண் இடுவோர் மகிழ்ந்திருப்பர். நாம் மகிழவில்லை.

அவர்களுள் ஒரு சிறுவனை அருகில் அழைத்து, “தம்பி, அப்பா எத்தனை மணிக்குக் கடலுக்குப் போவார்?” என்று கேட்டோம். கேட்டதுதான் தாமதம், கொட்டினான் செய்தியை! இரவு இரண்டு மணிக்கு அம்மா எழுந்து கட்டன்சாயா போடுவதை, கச்சான் காற்று எழுந்தால் அப்பா கரையில் நின்று வானத்தைப் பார்ப்பதை, வலை கிழிந்து வந்த நாளில் வீட்டில் யாரும் பேசாதிருந்ததை, ஏலக்காரர் கூவும் விலைக்கும் அம்மா கையில் வந்து சேரும் காசுக்கும் உள்ள தொலைவை, ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னான். சொன்னதில் முன்னுரை இல்லை. ஆனால் உண்மை இருந்தது. ஒழுங்கு இருந்தது. கேட்டவரைக் கட்டிப்போடும் ஆற்றலும் இருந்தது.

அவன் வாயில் இருந்த கடல் அவன் ஏட்டில் இல்லை. அந்தக் கடலை எடுத்துவிட்டு, எவரோ எழுதிவைத்த வேறொரு கடலை அவன் ஏட்டில் ஊற்றியவர் யார்? எந்தப் பாடமுறை? இதைத்தான் இந்தக் கட்டுரையில் ஆராய விழைகிறோம்.

எழுத்து ஏன் இவ்வளவு பெரிய செய்தி?

“பிள்ளைகள் பிழையின்றி எழுதினால் போதாதா? இதில் என்னய்யா இவ்வளவு வாதம்?” என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுவோம்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலைக் கலக்கியது. கடலுக்குச் சென்றோர் பலர் திரும்பவில்லை. எத்தனை பேர் என்ற கணக்கே நெடுநாள் முடிவுபெறாமல் நின்றது. அத்தகைய நேரத்தில் ஒரு குடும்பம் அதிகாரியின் முன் நிற்கும்போது, அதன் கையில் இருக்க வேண்டிய கருவி எது? ‘நீலக்கடல் கண்ணுக்கு விருந்து’ என்னும் வரியா? போனவர் யார், எந்தப் படகில், எந்த நாளில், எவரோடு, எந்தத் துறையிலிருந்து, கடைசியாகக் கண்டவர் யார் என்பதை ஐயத்துக்கு இடமின்றி எடுத்துரைக்கும் எழுத்தா? கண்ணீர் பேசும், ஆனால் கோப்பில் ஏறாது. கோப்பில் ஏறுவது எழுத்து.

இந்த மண்ணின் பழைய வரலாறும் இதையே சொல்கிறது. திருவிதாங்கூர் ஆட்சியில் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு ஏடும் எழுத்தாணியும் எளிதில் கிடைத்ததில்லை. 1809இல் மயிலாடியில் ரிங்கல்தௌபே என்னும் செருமானியர் தொடங்கி, 1818இல் நாகர்கோவிலுக்கு மாறிய பள்ளியைப் போன்றவை வந்த பின்பே அந்தக் கதவு சிறிது திறந்தது. சமயம் பரப்ப வந்தவர்தாம் அவர். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் எழுத்தைக் கற்றவன் கேள்வியையும் கற்றான். தோளில் துணியிடும் உரிமைக்காக இந்த நாட்டுப் பெண்கள் பல்லாண்டு போராடி 1859இல் அரசாணை பெற்றார்கள் என்றால், அந்த நெடும்போரில் மனுவுக்கும் முறையீட்டுக்கும் பங்குண்டு. எழுதத் தெரியாதவனுக்காக எவனோ எழுதுவான். எழுதுகிறவன் தனக்கு வேண்டியதையும் சேர்த்தே எழுதுவான்!

ஆகவே, எந்த எழுத்துப் பாடத்தைத் தேர்ந்தெடுப்பது என்பது, எந்த மனிதனை உருவாக்குவது என்னும் கேள்வி.

இலக்கணம்: குறையும் நிறையும்

முதலில் இலக்கணத்தைப் பார்ப்போம். பவணந்தியார் 13ஆம் நூற்றாண்டில் யாத்த நன்னூல், எழுத்து, சொல் என்னும் இரண்டு அதிகாரங்களோடு நம் கைக்கு வந்திருக்கிறது. தொல்காப்பியத்திலோ மூன்று அதிகாரம் உண்டு, மூன்றாவது பொருளதிகாரம். எழுத்தும் சொல்லும் எதற்காக? பொருளுக்காக! அந்தப் பொருளையும் இலக்கணத்துக்குள் வைத்துப் பேசிய மொழி நம் மொழி. ஆனால் பள்ளிக்கூடத்து இலக்கணம் நன்னூலின் வழியே வந்தமையால், சொல்லோடு நின்றுவிட்டது. பொருளுக்கு வழிகாட்டும் பொறுப்பு உரைநூல் விற்போர் கைக்குப் போய்விட்டது.

தொல்காப்பியம் அதங்கோட்டு ஆசான் முன்னிலையில் அரங்கேறியது என்று பனம்பாரனாரின் பாயிரம் சொல்கிறது. விளவங்கோடு வட்டத்து அதங்கோடே அந்த ஊர் என்று குமரி மாவட்டத்தார் பெருமை கொள்வர். ஊர்ப்பெயர் ஒத்திருப்பது ஒன்றே முழுச் சான்று ஆகாது. பகுத்தறிவாளர் அதற்குமேல் சொல்லத் துணியார். ஆனால் அந்தப் பாயிரத்தில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. நூலை எழுதினால் போதாது, அறிந்தவன் முன் வைத்துக் குற்றமறத் தெரித்துக் காட்டவும் வேண்டும் என்பது அது. எழுதியதை ஒருவர் முன் படித்துத் திருத்தும் வழக்கம் நமக்குப் புதிதன்று!

நன்னூலில் நமக்கு ஒவ்வாத பகுதியும் உண்டு. எவருக்கெல்லாம் பாடம் சொல்லலாகாது என்று பாயிரத்தில் ஒரு பட்டியல் வருகிறது. கள்வனும் சோம்பேறியும் அதில் இருப்பது கிடக்கட்டும். நோயாளியும், அறிவு மெல்லச் செல்பவனும், பழைய நூலைக் கண்டு அஞ்சித் தடுமாறுபவனும் அதே பட்டியலில் நிற்கிறார்கள்! இதை இன்று ஏற்க இயலுமா? அஞ்சுகிற பிள்ளைக்கன்றோ ஆசிரியர் வேண்டும்? அஞ்சாத பிள்ளை தானே படித்துக்கொள்ளும்! திண்ணையில் கூடும் பதினான்கு பிள்ளைகளில் பாதிப்பேர் அந்தப் பட்டியலில் அடங்குவர். அவர்களுக்காகவே நம் தங்கை விளக்கேற்றுகிறாள்.

19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) இலக்கணச் சுருக்கத்தையும் இலக்கண வினாவிடையையும் எழுதினார். கூடவே படிமுறையாகப் பாலபாடங்களையும் எழுதினார். இலக்கணத்துக்கு ஓர் ஏடு, வாசிப்புக்கு ஓர் ஏடு என்று இணைத்துக் கொடுக்க வேண்டும் என்பதை உணர்ந்தவர் அவர். அவருடைய சமயப் பிடிவாதமும் சாதிப் பற்றும் நமக்கு உடன்பாடல்ல. அவர் உரைநடையின் தெளிவு நமக்கு உடன்பாடு. ஆனால் அவருடைய திட்டத்திலும் ஓர் இடைவெளி இருந்தது. இலக்கணம் கற்க வினாவிடை, வாசிக்கப் பாலபாடம்; பிள்ளை தன் எண்ணத்தைத் தானே எழுத? அதற்கென ஓர் ஏடு இல்லை. வினாவும் அவரே, விடையும் அவரே. பிள்ளை ஒப்பிக்கலாம், வினவ இயலாது.

அந்த இடைவெளி இன்னும் முழுதும் தூர்ந்தபாடில்லை. 2018 முதல் வந்த தமிழ்ப் பாடநூல்கள் முன்னைய நூல்களைவிடப் பன்மடங்கு மேலானவை. இலக்கணப் பகுதிக்குக் ‘கற்கண்டு’ என்றே பெயர் வைத்தார்கள். ‘மொழியை ஆள்வோம்’ என்று தனிப்பகுதி வகுத்தார்கள். பாராட்டுகிறோம். ஆனால் கற்கண்டில் வேற்றுமையைப் படித்த பிள்ளை, மொழியை ஆளும் இடத்துக்கு வந்ததும், கொடுத்த குறிப்புகளை நீட்டிக் கட்டுரையாக்கப் பணிக்கப்படுகிறான். இலக்கணம் ஒரு கரை, கட்டுரை மறுகரை. நடுவில் பாலம் கட்டும் வேலை ஆசிரியரின் திறமைக்கும் நேரத்துக்கும் விடப்பட்டிருக்கிறது. மாத்தூரில் இரு மலைகளுக்கு நடுவே தண்ணீரைக் கொண்டுசெல்லத் தொட்டிப்பாலம் கட்டியவர்கள் நாம். இந்த இரு பக்கங்களுக்கு நடுவே ஒரு பாலம் கட்ட முடியாதா?

கடையில் கிடைப்பவை

இப்போது தங்கையின் கேள்விக்கு வருவோம். கடையில் கிடைப்பவை மூவகை.

முதல்வகை, மாதிரிக் கட்டுரைத் திரட்டுகள். நூறு தலைப்பு, நூறு கட்டுரை. மனப்பாடம் செய், தேர்வில் கக்கு, மறந்துவிடு! பொருள் புரியாமல் மந்திரம் ஓதுவதை நாம் எள்ளி நகையாடுகிறோமே, இது என்ன? அங்கே வடமொழி, இங்கே தமிழ், ஓதுதல் ஒன்றுதானே! நல்ல மாதிரியைப் படிப்பது குற்றமன்று. மாதிரியை மனத்தில் ஏற்றித் தன் கண்ணை மூடிக்கொள்வதே குற்றம். இவ்வகையை நாம் ஒதுக்குகிறோம்.

இரண்டாம் வகை, பிழை நீக்கும் நூல்கள். இவற்றுள் தலையாயது அ. கி. பரந்தாமனாரின் ‘நல்ல தமிழ் எழுத வேண்டுமா?’ வல்லெழுத்து மிகும் இடம், மிகா இடம், நிறுத்தற்குறி, வாக்கிய அமைப்பு ஆகியவற்றைப் புலமை மிரட்டல் இல்லாமல் விளக்குகிறது அந்நூல். பலர் இன்னும் அதைத் தேடிப் படிப்பதில் வியப்பில்லை. ‘வேலை கொடு’ என்றால் ஒருவன் பிழைப்புக் கேட்கிறான். ‘வேலைக் கொடு’ என்றால் ஈட்டி கேட்கிறான். ஓர் ஒற்று, வேலையில்லாதவனைப் போர்வீரன் ஆக்கிவிடுகிறது! ஆகவே இந்த வகை தேவை. ஆனால் வரம்பைத் தெரிந்து வாங்க வேண்டும். இது எழுதியதைத் திருத்தக் கற்பிக்கும் நூல். எழுதுவதற்கு ஒன்றைக் கண்டுபிடிக்கக் கற்பிக்கும் நூல் அன்று. ஆசிரியர் கையில் இருக்கட்டும். பதினொரு வயதுப் பிள்ளையின் முதல் ஏடாக வேண்டாம்.

மூன்றாம் வகை, மடல்கள். 1928ஆம் ஆண்டுக் கோடையில் அலகாபாத்திலிருந்து நேரு, முசௌரியில் இருந்த தம் பத்து வயது மகளுக்கு உலகத் தோற்றத்தைப் பற்றி எழுதிய மடல்கள் மறு ஆண்டே நூலாயின. டாக்டர் மு. வரதராசனார் தம்பிக்கும் தங்கைக்கும் அன்னைக்கும் நண்பர்க்கும் என மடல் வடிவில் நூல்கள் தந்தார். ‘திராவிட நாடு’ ஏட்டில் 1955 முதல் அண்ணா தம்பிக்கு எழுதியவை, நாட்டு நடப்பையே பாடமாக்கிய மடல்கள். மடல் ஒரு சிறந்த எழுத்துப் பள்ளி. ஏனெனில் அதில் படிப்பவர் யார் என்பது எழுதுபவனுக்குத் தெரியும். யாருக்கு எழுதுகிறோம் என்று தெரிந்த பிள்ளை எதை எழுத வேண்டும் என்பதைத் தானே காண்கிறது. ஆனால் பெரியவர் எழுதிய மடலைப் பிள்ளை வாசிப்பதோடு நிறுத்திக்கொண்டால் பயன் பாதி. பிள்ளை மறுமொழி எழுத வேண்டும். மறுத்தும் எழுத வேண்டும்!

உலகம் கண்ட வழி

நமக்கு முன்பே இந்தச் சிக்கலை எதிர்கொண்டவர்கள் உண்டு. பாஸ்டன் நகரில் அண்ணனின் அச்சுக்கூடத்தில் வேலை பழகிய பெஞ்சமின் பிராங்க்ளின், பள்ளியில் நெடுநாள் படித்தவர் அல்லர். நல்ல கட்டுரை ஒன்றை எடுப்பார். ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சிறு குறிப்பாக எழுதுவார். சில நாள் மூடிவைப்பார். பிறகு குறிப்பை மட்டும் வைத்துத் தம் சொற்களில் மீண்டும் எழுதுவார். மூலத்தோடு ஒப்பிட்டுத் தம் குறையைத் தாமே காண்பார். குறிப்புகளைக் கலைத்துப்போட்டு மீண்டும் வரிசைப்படுத்தியும் பழகினார். மாதிரியை மனப்பாடம் செய்வதற்கும் மாதிரியோடு மல்லுக்கு நிற்பதற்கும் உள்ள வேறுபாட்டை இதில் காணலாம்.

இத்தாலியில், பிளாரன்சு நகருக்கு அப்பாலுள்ள மலைச்சிற்றூர் பார்பியானா. உழவர் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் தோற்று வெளியேற்றப்பட்ட ஊர். அங்கே லொரென்சோ மிலானி என்னும் பாதிரியார் ஒரு பள்ளி நடத்தினார். அவருடைய மாணவர் எண்மர் சேர்ந்து, தங்களைத் தோல்வியுறச் செய்த ஆசிரியைக்கு ஒரு மடல் எழுதினர். 1967இல் அது நூலாக வந்தது, நாட்டையே உலுக்கியது. எழுதிய முறை என்ன? ஒவ்வொருவனும் தோன்றியதைத் தனித்தனித் தாளில் ஒருபக்கம் எழுதினான். எல்லாத் தாளையும் மேசைமேல் பரப்பினர். ஒரே கருத்துடையவற்றைக் களைந்தனர், உறவுடையவற்றை அடுக்கினர், அடுக்குகள் அத்தியாயமாயின. பிறகு வெட்டினர்: வேண்டாத சொல்லை, கூறியது கூறலை, கடுஞ்சொல்லை, அளவு மீறிய நீண்ட வாக்கியத்தை. இறுதியில் படிப்புக் குறைந்த ஊராரை அழைத்துப் படித்துக் காட்டினர். அவர்களுக்குப் புரியாத இடத்தை மாற்றினர். மிலானியின் சமயம் அவரோடு இருக்கட்டும். அவர் மாணவரின் முறை நமக்கு வேண்டும்.

ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது. 2007இல் ஸ்டீவ் கிரகாம், டொலோரஸ் பெரின் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், 4 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான மாணவரின் எழுத்துப் பயிற்சி பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து எடைபோட்டனர். எழுத்தோடு ஒட்டாமல் தனியே நடத்திய இலக்கணப் பாடம் எழுத்தை உயர்த்தவில்லை. திட்டமிட்டு எழுதித் திருத்தும் முறையைக் கற்பித்தல், படித்ததைச் சுருக்கி எழுதுதல், சிறு வாக்கியங்களை இணைத்தல் ஆகியவை உயர்த்தின என்று கண்டனர். அது ஆங்கிலத்துக்குச் செய்த ஆய்வு. தமிழுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டோம். ஆனால் இலக்கணத்தை எழுத்திலிருந்து பிரிக்காதே என்னும் எச்சரிக்கை எம்மொழிக்கும் ஏற்கத்தக்கது.

நம் வீட்டிலேயே இருக்கும் செல்வம்

அயல்நாட்டைப் பார்த்தோம், நாஞ்சில் நாட்டைப் பார்க்க வேண்டாமா? தேரூரில் 1876இல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ஆசிரியத் தொழிலில் வாழ்ந்தவர். குழந்தைக்கும் விளங்கும் தமிழ் எழுதியவர். அவர் இயற்றிய ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ எப்படிப்பட்ட நூல்? தந்தையின் சொத்து மகனுக்கு இல்லை, மருமகனுக்கே என்னும் முறையால் நொந்த ஒரு பெண், தன் வீட்டுக் கதையைத் தானே சொல்வதாக அமைந்த நூல். யாப்பு பிசகவில்லை, ஆனால் பேச்சோ நாஞ்சில் வீட்டுப் பேச்சு. நகைச்சுவை உண்டு, அதன் அடியில் நெருப்பும் உண்டு. 1926இல் திருவிதாங்கூரில் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வந்து அந்தப் பழைய முறை தளர்ந்தது. ஒரு நூல்மட்டும் அதைச் செய்தது என்பது மிகை. ஆனால் குறையை ஊரே பேசும்படி செய்ததில் அந்நூலுக்குப் பங்கில்லை என்பது அறியாமை. இலக்கணமும் எழுத்தும் கைகோத்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இன்னும் பின்னே செல்லுங்கள். சிலப்பதிகாரத்து வழக்குரை காதையில் கண்ணகி பாண்டியன் அவையில் எப்படிப் பேசுகிறாள்? ஊரைச் சொல்கிறாள், கணவன் யாரென்று சொல்கிறாள், நேர்ந்த கொடுமையைச் சொல்கிறாள், இறுதியில் சான்றைக் காட்டுகிறாள். அரசன் சிலம்பில் முத்து, அவள் சிலம்பில் மாணிக்கம். ஆர்ப்பாட்டம் பின்னர்; சான்று முன்னர்! மனு எழுதக் கற்பிக்க இதைவிடச் சிறந்த மாதிரி எது? கற்பின் ஆற்றலால் மதுரை எரிந்தது என்பதைப் புலவர்கள் பேசட்டும். சிலம்பை உடைத்துக் காட்டியதை நம் பிள்ளைகள் பேசட்டும்.

நன்னூலார் நூலுக்குச் சொன்ன பத்துக் குற்றங்களும் நமக்கு உதவும். குறைத்துச் சொல்லுதல், சொன்னதையே சொல்லுதல், எடுத்ததை விட்டு வேறொன்றை விரித்தல், முன்னுக்குப்பின் முரணுதல் என்பன அவற்றுள் சில. இவற்றை ஒப்பிக்கச் செய்து மதிப்பெண் கொடுத்தது போதும். பிள்ளை தன் கட்டுரையைத் தானே எடுத்து, ‘இதில் எந்தக் குற்றம் இருக்கிறது?’ என்று தேடட்டும். பார்பியானாச் சிறுவர் செய்ததும் இதுதானே! நன்னூலின் பட்டியலை ஒதுக்க வேண்டிய இடத்தில் ஒதுக்கினோம். எடுக்க வேண்டிய இடத்தில் எடுக்கிறோம். இதுவே ஆய்வு, இதுவே பகுத்தறிவு.

எப்படி இணைப்பது?

குறை சொல்லிக் கைகழுவுவது நம் பழக்கமன்று. தங்கைக்கு நாம் எழுதிக் கொடுத்த திட்டத்தை இங்கே தருகிறோம். இலக்கணம் பாடநூலில் உள்ளபடியே இருக்கட்டும். ஒவ்வோர் இலக்கணத்துக்கும் ஒரு வேலையைக் கட்டிப்போடுக.

எழுவாயும் பயனிலையும் கற்கும் வாரத்தில், ஊரில் அன்று நடந்ததை ஐந்து வாக்கியத்தில் எழுதட்டும்: யார், என்ன செய்தார், எங்கே, எப்போது.

வினையெச்சம் கற்கும் வாரத்தில் வாக்கியங்களை இணைக்கட்டும். ‘அப்பா கடலுக்குப் போனார். வலை வீசினார். வெறுங்கையோடு திரும்பினார்.’ இம்மூன்றும் ‘அப்பா கடலுக்குப் போய், வலை வீசி, வெறுங்கையோடு திரும்பினார்’ என்று ஒன்றாகும். பிறகு, எது நன்றாயிருக்கிறது என்று பிள்ளையைக் கேளுங்கள். சில இடத்தில் இணைப்பதே அழகு. சில இடத்தில் பிரித்து நிறுத்துவதே வலிமை. ‘வெறுங்கையோடு திரும்பினார்’ என்பது தனியே நின்றால் அதன் துயரம் பெரிது என்று ஒரு சிறுமி சொல்லக்கூடும். அவள் எழுத்தாளர் ஆகிவிட்டாள்!

செய்வினை, செயப்பாட்டு வினை கற்கும் வாரத்தில், ‘குளம் மூடப்பட்டது’ என்று கரும்பலகையில் எழுதுக. மூடியவன் எங்கே? வாக்கியத்துக்குள் ஒளிந்துகொண்டான்! நாஞ்சில் நாட்டு வயல்களை வாழவைத்த குளங்களுள் ஒன்றைப் பற்றி, செய்தவன் வெளியே வரும்படி பிள்ளைகள் வாக்கியத்தை மாற்றட்டும். அறிக்கைகளையும் செய்தித்தாள்களையும் இனி அவர்கள் ஏமாறாமல் படிப்பார்கள்.

நேர்கூற்று, அயற்கூற்று கற்கும் வாரத்தில் நேர்காணல். தோவாளையில் பூக்கட்டும் அம்மையை, குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளியை, குளச்சலில் வலை பின்னும் பெரியவரைக் கண்டு பேசட்டும். அவர் சொன்ன சொல் அவர் சொல்லாகவே மேற்கோள் குறிக்குள் நிற்கட்டும்.

‘ஆகவே’, ‘ஏனெனில்’, ‘ஆயினும்’ போன்ற இணைப்புச் சொற்களைக் கற்கும் வாரத்தில் வழக்காடட்டும். மணவாளக்குறிச்சி மணல் ஆலையால் வேலை கிடைக்கிறது என்பவன் ஒரு பக்கம் எழுதட்டும். உடல்நலத்துக்கு அஞ்சுகிறேன் என்பவன் மறுபக்கம் எழுதட்டும். அடுத்த வாரம் பக்கம் மாறி எழுதட்டும்.

பழங்கிரேக்கர் தம் மாணவருக்குப் பழங்கதை ஒன்றைக் கொடுத்து, ‘இது நடந்திருக்கக்கூடுமா? மறுத்து எழுது’ என்று பயிற்சி கொடுத்தார்கள். நமக்குக் கதைக்கா பஞ்சம்? சுசீந்திரம் கோயிலில் குற்றம் சாட்டப்பட்டவரைக் கொதிக்கும் நெய்யில் கைவிடச் செய்த ‘கைமுக்கு’ என்னும் வழக்கம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஒழிந்தது. முதல் நாள், பாட்டி சொன்ன தலக்கதையைப் பிள்ளை அழகுற எழுதட்டும். மறுநாள், கொதிக்கும் நெய் குற்றவாளியையும் குற்றமற்றவனையும் பிரித்தறியுமா என்று காரணம் காட்டி எழுதட்டும். எந்த முடிவுக்கு வர வேண்டும் என்று நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. காரணம் கேட்டால் போதும். முடிவு தானே வரும்.

புணர்ச்சியும் ஒற்றும் எங்கே? கடைசியில்! எழுதி முடித்த பின், திருத்தும் நாளில். முதல் நாளிலேயே சிவப்பு மையோடு உட்கார்ந்தால், பிள்ளை தனக்குத் தெரிந்த சொல்லை விட்டுவிட்டுப் பிழையற்ற சொல்லைத் தேடும். பிழையற்ற சொல் உரைநூலில்தான் கிடைக்கும். மீண்டும் நீலக்கடல் கண்ணுக்கு விருந்தளிக்கும்!

எழும் மறுப்புகள்

“வட்டாரப் பேச்சை ஏட்டில் ஏற்றினால் தமிழ் கெடாதா? விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் மலையாளம் கலந்து பேசுகிறார்களே?” என்பர் சிலர். 1956 நவம்பர் 1இல் இந்த நான்கு வட்டங்களும் தாய்த்தமிழகத்தோடு இணையப் பாடுபட்டவர்கள் பேசியதும் இந்தப் பேச்சுத்தான் என்பதை மறவாதீர்! பேச்சுத்தமிழ் முதல் வரைவு. எழுத்துத்தமிழ் இறுதி வரைவு. முதலதை வெட்கப்படச் செய்தால் இரண்டாவது பிறக்காது.

“மரபை மாற்றலாமா?” என்பர் வேறு சிலர். தமிழின் எழுத்து வடிவத்திலேயே சீர்திருத்தம் வேண்டும் என்று 1935இல் ‘குடி அரசு’ ஏட்டில் பெரியார் செய்து காட்டினார். 1978இல் தமிழ்நாடு அரசு அதை ஏற்றது. எழுத்தின் வடிவே மாறி, தமிழ் வாழ்கிறது; கட்டுரை கற்பிக்கும் முறை மாறினால் மாண்டுவிடுமா?

“தேர்வில் மதிப்பெண் போய்விடுமே?” என்பது மூன்றாவது மறுப்பு. இதுவே நேர்மையான மறுப்பு. பெற்றோரின் அச்சம் பொய்யன்று. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மதிப்பெண் விளையாட்டுப் பொருளும் அன்று. ஆகவே தேர்வுக்கு முந்திய சில வாரம் தேர்வு முறைக்கே ஒதுக்குக: நேரம், பத்தி, உட்தலைப்பு. தானே எழுதத் தெரிந்தவன் இந்தச் சட்டையைச் சில வாரத்தில் அணிந்துகொள்வான். சட்டையை மட்டும் வைத்திருப்பவன், கேள்வி சற்றே மாறினால் திகைத்து நிற்பான்.

தோழர்களுக்கு ஒரு வேலை

பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்துக்குப் பின், 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியபோது, முதலில் முயன்று பார்த்த பன்னிரண்டு மாவட்டங்களுள் குமரியும் ஒன்று. வீட்டுத் திண்ணையில், தெருவிளக்கடியில், பெரும்பாலும் இளம்பெண்களே முன்வந்து மாலைப்பாடம் நடத்தினர். திண்ணையிலும் கல்வி நடக்கும் என்பதை அவர்கள் மெய்ப்பித்தார்கள். அந்தப் பழக்கம் விட்ட இடத்தை நம் மன்றங்களும் படிப்பகங்களும் பிடித்துக்கொள்ளலாகாதா? வாரத்துக்கு ஒரு மாலை, ஒரு மேசை, சில தாள்கள். வேறென்ன செலவு?

நூல் வாங்குவோர் எந்த நூலையும் கையிலெடுத்து மூன்று கேள்வி கேளுங்கள். பிள்ளை தன் கண்ணால் கண்டதை எழுத இதில் இடமுண்டா? எழுதியதைத் திருத்தி மறுபடி எழுத இதில் நாள் உண்டா? ‘ஏன்?’ என்று கேட்க இதில் ஒரு பக்கமாவது உண்டா? மூன்றுக்கும் ஆம் என்றால் வாங்குக. இல்லையென்றால், அந்தப் பணத்துக்கு வெள்ளைத்தாள் வாங்குக!

தங்கை வெள்ளைத்தாள்தான் வாங்கினாள். ஒரு மாதம் கழித்து அந்தச் சிறுவனின் ஏட்டைக் காட்டினாள். மூன்று இடத்தில் ஒற்று விடுபட்டிருந்தது. ஓரிடத்தில் ‘ழ’வுக்கு ‘ள’ வந்திருந்தது. இரவு இரண்டு மணிக்கு எரிந்த விளக்கும் அதில் இருந்தது. பேசாதிருந்த வீடும் இருந்தது. கடைசி வரியில், ஏலத்தில் விலையை முடிவு செய்வது யார் என்று கேட்டிருந்தான்.

ஒற்றைத் தங்கை அன்று மாலையே திருத்திவிட்டாள். அவன் கேட்ட கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நாம்.